சிப்பிரியானும் பேதுருவின் தலைமையும்

இயேசு தம் மாணாக்கருள் ஒருவராகிய சீமோனுக்குக் கல் எனப் பொருள்படும் பெயரிட்டு, அக்கல்லின்மேல் தம் சபையை அமைப்பதாகக் கூறிய செய்தி மத்தேயு சுவிசேஷத்தின் 16ஆம் அதிகாரத்திற் காணப்படுகின்றது. கல்லாவார் பேதுருவே என்றும், அவர்தம் அதிகாரம் உரோமாபுரி மேற்றிராணிமார்க்கு வழிவழி வந்ததென்றும் கத்தோலிக்கர் கொள்வர். பேதுரு அறிக்கையிட்ட விசுவாசமே கல்லென்றும், அவர்க்குரிய முதன்மை அவரோடு முடிந்ததென்றும் புரட்டஸ்தாந்தர் பலர் உரைப்பர். தமிழிலே முன்னையோர் அவரை நெடுங்காலம் இராயப்பர் என்றும், பின்னையோர் பேதுரு என்றும் வழங்கினமையின், பெயரளவிலும் இரு சாராரும் ஒன்றுபட்டிலர்.

இருதிறத்தாரும் தத்தம் சாட்சியாக அழைக்கும் ஒருவர், வட ஆபிரிக்காவிலே கார்த்தேஜ் நகரின் மேற்றிராணியாராயிருந்து கி.பி. 258இல் கொலையுண்ட சிப்பிரியான் ஆவர். திருச்சபையின் ஒருமைப்பாடு பற்றி 251இல் அவர் இயற்றிய நூலின் 4ஆம் அதிகாரம் ஏட்டுப் பிரதிகளில் இருவகையாகக் காணப்படுகின்றது. அப்போஸ்தலர் யாவரும் ஒத்த அதிகாரமுடையர் என்பது இரண்டிற்கும் பொது. ஆயின், பேதுருவுக்கு முதன்மை அளிக்கப்பட்டதென ஒரு பாடம் வெளிப்படையாய்க் கூறும். மற்றையதில் அச்சொல் இல்லை.

கான்டர்பரி அதிமேற்றிராணியாராயிருந்த பென்சன் என்பார், தாம் இறந்தபின் 1897இல் வெளிவந்த நூலில், முதன்மை கூறும் பாடத்தைப் பிற்காலத்தார் இடைச்செருகல் எனச் சாடினார். இயேசு சபைத் துறவியாகிய பெவனோ 1938இல் பிரதிகளை ஒப்புநோக்கி, இரு பாடமும் சிப்பிரியான் எழுதியனவே, முதன்மை கூறுவதே முந்தியது, பின்னர் அவரே அதனைத் திருத்தினார் என வாதித்தார். அறிஞருட் பலர் இன்று இக்கொள்கையையே தழுவுவர்.

திருத்தியது எற்றுக்கு? பிரிந்துபோன சபையாரிடம் ஞானஸ்நானம் பெற்றோர் திரும்பி வருங்கால் மீண்டும் அதனைப் பெறல் வேண்டுமென்றார் சிப்பிரியான்; வேண்டாவென்றார் உரோமாபுரி மேற்றிராணியார் ஸ்தேவான். 256 செப்டெம்பரிற் கார்த்தேஜிற் கூடிய 87 மேற்றிராணிமார் சிப்பிரியான் பக்கமே நின்றனர். ஸ்தேவான் தம்மைப் பேதுருவின் வழிவந்தோர் எனப் பாராட்டியதை எள்ளிக் கப்பதோக்கியாவிலிருந்து பிர்மிலியான் எழுதிய நிருபம் இன்றும் உளது. தம் சொல் தமக்கே மாறாக எடுத்தாளப்படுமென அஞ்சியே சிப்பிரியான் அதனை நீக்கினாராதல் வேண்டும்.

இம்முடிபு கத்தோலிக்கர்க்குப் பாதி வெற்றியே. இடைச்செருகல் என்னும் பழி நீங்கிற்று. ஆனால் உரோமையின் ஆணைக்கு அடங்குதலை முதன்மை என்னும் சொல்லாற் சிப்பிரியான் கருதிற்றிலர் என்பதும் உடன் வெளிப்பட்டது. அவர் கருத்தின்படி, மேற்றிராணியார் ஒவ்வொருவரும் பேதுருவின் ஆசனத்திற் பங்குடையரே.

ஞானஸ்நானத்தைப் பொறுத்தவரை ஸ்தேவானின் வழக்கமே மேற்றிசையில் நிலைத்தது. 314இல் ஆர்ல் நகரிற் கூடிய சங்கமும் திரித்துவத்தின் பெயராற் கொடுக்கப்பட்டதை மீண்டுங் கொடுத்தலாகாதெனத் தீர்த்தது. புரட்டஸ்தாந்தர் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கர் இன்று ஏற்றுக்கொள்வதும் அவ்வழக்கம் பற்றியேயாம்.