பாராளுமன்றக் கேள்வியும் கடைப் பேரேடும்

செய்தித்தாளில் 'கேள்வி நேரம்', 'மானியக் கோரிக்கை' என்ற தலைப்புகளைக் கண்டால் பக்கத்தைத் திருப்பிவிட்டு மண்டி விலைப் பட்டியலுக்குப் போய்விடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அங்கே நடப்பது கட்சிக்காரர்களின் வாய்ச்சண்டை, கடைக்காரனுக்கு அதில் என்ன வேலை என்று நினைக்கிறோம். ஆனால் நாம் கட்டுகிற வரி எங்கே போயிற்று, எந்தத் துறையில் எவ்வளவு செலவாயிற்று என்று ஓர் அமைச்சரைத் தம் பெயரிலேயே பதில் சொல்ல வைக்கிற இடம் அது. அந்தப் பதில் அச்சில் ஏறி நிற்கும். இன்று பாராளுமன்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மக்களவையில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 முதல் பகல் 12 மணிக்கு நடக்கிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக் கேள்விகள் போடலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலில் இடம் பெறும். எவை இடம் பெறுவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. தொலைக்காட்சியில் வருவதெல்லாம் நட்சத்திரக் கேள்விதான். நம்மைக் கேட்டால், வியாபாரிக்கு உதவுவது பெரும்பாலும் குறியிடாத கேள்விதான் என்போம். பேச்சு இருக்காது, அட்டவணை இருக்கும்.

பதிலை அமைச்சர் உட்கார்ந்து எழுதுவதில்லை. கேள்வி அமைச்சகத்துக்குப் போகும். அங்கே பிரிவு அதிகாரி கோப்புகளைப் பார்த்து வரைவு எழுதுவார், மேலதிகாரிகள் திருத்துவார்கள், கடைசியில் அமைச்சரின் ஒப்புதல். ஆகவே பதிலில் வருவது அந்த அலுவலகத்தின் பேரேட்டில் உள்ளது மட்டுமே. பேரேட்டில் இல்லாததைக் கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும். கேள்வியைத் தளர்வாகக் கேட்டால், பேரேட்டில் உள்ளதைக்கூடச் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள வழி கிடைத்துவிடும்.

இதற்கு 2020ஐ விடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஊரடங்கின்போது திருப்பூரில் என்ன நடந்தது என்பது நம் கடைகளுக்குத் தெரியும். பனியன் கம்பெனிகள் பூட்டப்பட்டன. சனிக்கிழமைச் சம்பளம் நின்றது. பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் மே மாதத்தில் சிறப்பு ரயில்களில் ஏறிப் போனார்கள். அவர்கள் வாங்கிய கோதுமை மாவும் கடுகெண்ணெயும் அலமாரியில் தங்கின. பாக்கி நோட்டில் எழுதிய பெயர்களில் சில திரும்பி வரவே இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் பாராளுமன்றம் கூடியது. நோய்த் தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே நீக்கிவிட்டார்கள். எழுத்து மூலப் பதில் மட்டும் உண்டு என்றார்கள். ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்கள் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டா என்று மக்களவையில் கேட்கப்பட்டது. தொழிலாளர் துறை அமைச்சர் திரு. சந்தோஷ் கங்வார் அவர்களின் துறை தந்த பதில், அத்தகைய விவரம் பராமரிக்கப்படவில்லை என்பது. விவரமே இல்லையாதலால் இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்றும் கூறப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

அதே வாரத்தில் மாநிலங்களவையில் திரு. டெரிக் ஓ'பிரையன் அவர்கள் கேட்ட கேள்வி வேறு மாதிரி. சாலையில் இறந்தவர்கள், வழியில் இறந்தவர்கள் என்று பொதுவாகக் கேட்காமல், சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ரயில்வே துறையைக் கேட்டார். ரயில்வே அமைச்சர் திரு. பியூஷ் கோயல் அவர்கள் எழுத்தில் பதில் தந்தார்: செப்டம்பர் 9 வரை 97 பேர். ரயில்வே போலீசாரிடம் பதிவேடு இருந்தது, ஆகவே எண் வந்தது. ஒரே அரசு, ஒரே வாரம். ஒரு துறை 'விவரம் இல்லை' என்றது, மறு துறை தொகையைச் சொன்னது. எந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது என்று அறிந்து கேட்டதுதான் வித்தியாசம். மண்டிக்காரரிடம் லாரி வாடகைக் கணக்கையும் லாரிக்காரரிடம் மூட்டைக் கணக்கையும் கேட்டால் என்ன கிடைக்கும்?

ஒதுக்கீடு வேறு, வரவு வேறு

செலவுக் கணக்கு பற்றிய பதில்களில் நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'இத்திட்டத்துக்கு இத்தனை கோடி ஒதுக்கப்பட்டுள்ளது' என்று அமைச்சர் சொன்னால், பணம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். ஒதுக்கீடு என்பது நாம் மண்டிக்குச் சொல்லும் ஆர்டர். அடுத்தது நிதி விடுவிப்பு. அது லாரியில் சரக்கு ஏறியது போல. அதற்கடுத்தது செலவு, சரக்கு குடோனுக்கு வந்து இறங்கியது. ஆர்டர் கொடுத்ததற்கெல்லாம் சரக்கு வருவதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். அரசுக் கணக்கிலும் அப்படியே. பட்ஜெட் மதிப்பீடு பிப்ரவரியில் ஒன்றாக இருக்கும், அடுத்த ஆண்டு திருத்த மதிப்பீடு வேறொன்றாக இருக்கும், உண்மைக் கணக்கு அதற்கும் பிறகு வரும். முதல் தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் இரண்டாவது தவணை வராமல் நின்றுவிடுவதும் சர்வ சாதாரணம்.

திருப்பூருக்கே இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 2010 பிப்ரவரியில் மத்திய நிதியமைச்சர் திரு. பிரணாப் முகர்ஜி அவர்கள் தமது பட்ஜெட் உரையில் திருப்பூரின் பெயரைச் சொன்னார். சாயக் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரிக்கும் ஏற்பாட்டுக்காகத் தமிழக அரசுக்கு ஒரு முறை மானியமாக 200 கோடி ரூபாய் என்று அறிவித்தார். ஊரெங்கும் மகிழ்ச்சி. பதினோரு மாதம் கழித்து, 2011 ஜனவரி கடைசியில், சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன. நொய்யலுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் கீழே பாழான நிலங்களின் விவசாயிகள் பல ஆண்டுகள் போராடியதன் விளைவு அது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மாதங்களில் சாயப்பட்டறைத் தொழிலாளர் குடியிருப்புகளை நம்பியிருந்த மளிகைக் கடைகளின் கதி என்ன என்று எந்த அவையிலும் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி, 'திருப்பூர் சாயத் தொழிலைக் காக்க அரசு நடவடிக்கை எடுக்குமா' என்பதல்ல. அந்த 200 கோடியில் எந்தத் தேதியில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எந்தெந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எவ்வளவு போயிற்று, மானியமாகவா கடனாகவா, மீதி எந்தக் கணக்கில் நிற்கிறது என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்டால் பிரிவு அதிகாரி கோப்பைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

நமது சட்டப் பேரவையில் இந்தக் குறை இன்னும் அதிகம். 'இந்தச் சாலையை அமைத்துத் தர அரசு முன்வருமா?' என்று உறுப்பினர் கேட்பார். 'நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்று அமைச்சர் சொல்வார். இருவருக்கும் சிரமம் இல்லை. 2022 ஜனவரி முதல் பேரவையின் கேள்வி நேரம் நேரடியாக ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது புரியும். தலைவரைப் புகழும் நேரம் போக மீதியில்தான் கேள்வி.

பதவியைப் பறித்த கேள்வி

கேள்வியால் என்ன ஆகிவிடும் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு பழைய நிகழ்ச்சி. அதில் சம்பந்தப்பட்டவர் நம்மைப் போல் வியாபாரத்திலிருந்து அரசியலுக்கு வந்த தமிழர். சென்னையில் டி.டி.கே. நிறுவனத்தைத் தொடங்கிய திரு. டி.டி. கிருஷ்ணமாச்சாரி அவர்கள் 1957இல் மத்திய நிதியமைச்சர். அதற்கு முந்திய ஆண்டுதான் ஆயுள் காப்பீட்டுக் கழகம் அரசுக் கழகமாக உருவாகியிருந்தது. அந்தக் கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற ஒரே தொழிலதிபரின் ஆறு கம்பெனிப் பங்குகளைச் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. பாலிசிதாரர்களின் பணம். ஆளும் காங்கிரசைச் சேர்ந்தவரும் பிரதமர் நேருவின் மருமகனுமான திரு. பெரோஸ் காந்தி அவர்கள் மக்களவையில் இதை எழுப்பினார். எந்தப் பங்கு, என்ன விலை, சந்தையில் அன்று என்ன விலை, யார் சொல்லி வாங்கினீர்கள் என்று எண்களோடு பேசினார்.

விஷயம் மூடி மறைக்க முடியாததாயிற்று. நீதிபதி எம்.சி. சாக்ளா அவர்கள் 1958 தொடக்கத்தில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். தமக்கு முழுதும் தெரியாது, செயலாளர் செய்தது என்ற வாதம் எடுபடவில்லை. துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று அவர் தீர்மானித்தார். பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். அவர் திறமைசாலி, 1963இல் மறுபடியும் நிதியமைச்சரானார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்விக்கு இருக்கும் இந்த மதிப்பைத் தெரிந்துகொண்டு விலைக்கு விற்றவர்களும் உண்டு. காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதாக 2005 டிசம்பரில் ஒரே நாளில் 11 எம்.பி.க்களைப் பாராளுமன்றம் வெளியேற்றியது. ஆகவே சங்கங்கள் உறுப்பினரிடம் கேள்வி கொடுக்கும்போது லெட்டர்பேடில், தலைவர் கையெழுத்தோடு, நகல் வைத்துக்கொண்டு கொடுப்பது நல்லது. சால்வை போதும்.

இன்றைய நம் பிரச்சனைக்கு வருவோம். சண்டிகரில் 2022 ஜூனில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் பரிந்துரைப்படி, ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டிப் பொட்டலமிட்ட அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி வந்தது. உதிரியாக எடைபோட்டால் வரி இல்லை. உடனே ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. 25 கிலோ மூட்டை கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு இதை விளக்கியே நமக்குத் தொண்டை வறண்டது. இதைப் பற்றி மத்திய அமைச்சரைக் கேட்டால் 'கவுன்சில் பரிந்துரைத்தது' என்பார். மாநில அமைச்சரும் அதையே சொல்லலாம். எல்லாரும் உட்கார்ந்து எடுத்த முடிவுக்கு எந்த அவையிலும் ஒருவரும் தனியாகப் பொறுப்பேற்பதில்லை. ஆனால் வரியால் ஆண்டுதோறும் கிடைத்த வசூல் எவ்வளவு, எத்தனை சில்லறைக் கடைகளுக்கு நோட்டீஸ் போயிற்று என்ற கணக்கு நிதி அமைச்சகத்தின் பொறுப்பு. 'பொருள்வாரியாக விவரம் பராமரிக்கப்படுவதில்லை' என்று பதில் வந்தால், அதுவும் எழுத்தில் வரட்டும். வசூல் எவ்வளவு என்றே தெரியாத வரியை எதற்காகத் தொடர வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்க அது உதவும்.

'விவரம் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்ற பதிலைக் கண்டால் சோர்ந்துவிடக் கூடாது. அது அரசு உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறாவிட்டால் உறுதிமொழிக் குழு கேட்கும். பல உறுதிமொழிகள் வருடக்கணக்கில் பாக்கி நிற்கின்றன என்பது உண்மைதான். அதனால்தான் பதில் எண்ணையும் தேதியையும் குறித்து வைத்து நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டத்து வணிகர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு; பலர் கவனித்ததில்லை. திருப்பூர் மாவட்டத்தின் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகளும் ஐந்து மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. திருப்பூர் வடக்கும் தெற்கும் திருப்பூர் தொகுதியில், பல்லடம் கோவையில், அவிநாசி நீலகிரியில், தாராபுரமும் காங்கயமும் ஈரோட்டில், உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியில். அதாவது நமக்கு ஐந்து எம்.பி.க்கள். ஒரு நாளைக்கு ஓர் உறுப்பினர் ஐந்து கேள்விகள் வரை அறிவிப்புக் கொடுக்கலாம். ஒரே கேள்வியை ஐவரிடமும் கொடுத்தால் குலுக்கலில் ஏறும் வாய்ப்புக் கூடும். கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், பதினைந்து நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும்.

பட்ஜெட் கூட்டத் தொடர் வழக்கமாக ஜனவரி கடைசியில் தொடங்குகிறது. பிப்ரவரி முதல் வாரக் கேள்விகளுக்கான கெடு, கரும்பும் வெல்லமும் நாம் மும்முரமாக விற்றுக்கொண்டிருக்கும் பொங்கல் நாட்களை ஒட்டி முடிந்துவிடும். ஆகவே மார்கழி பிறந்ததும் அந்தந்தக் கிளைச் சங்கச் செயலாளர்கள் கேள்விகளை எழுதி எம்.பி. அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும்.