பூட்டிய ஃபோல்டர் திறக்கவில்லையா? ஃபார்மட் போடும் முன் இதைப் படியுங்கள்!

“ஃபைல் எல்லாம் டி டிரைவுலதான் இருக்குண்ணா. சி-யை மட்டும் ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுக் குடுங்க.”

தருமபுரி நான்கு ரோட்டிலோ, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் கடைவீதிகளிலோ ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த வார்த்தைகள் காதில் விழாமல் இருக்காது. சொல்வதில் தப்பும் இல்லை. விண்டோஸ் இருப்பது சி டிரைவில். கல்யாண போட்டோ, பத்திர ஸ்கேன், மார்க் ஷீட் எல்லாம் டி டிரைவில். சி-யை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் டி அப்படியே இருக்கும். பல வருடங்களாக நாம் நம்பிவரும் கணக்கு இது.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கணக்கு காலை வாரிவிடும். டி டிரைவில் இருக்கும் ஃபோல்டரை யாராவது என்கிரிப்ட் செய்து, அதாவது பாதுகாப்புக்காகப் பூட்டி வைத்திருந்தால்! ஃபார்மட் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் ஃபோல்டர் இருக்கும். உள்ளே ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரியும். சைஸ்கூட சரியாகக் காட்டும். ஆனால், எதைத் தொட்டாலும் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வரும். காரணம் எளிது. பூட்டு இருந்தது டி டிரைவில், அதன் சாவி இருந்தது சி டிரைவில். சாவியோடு சேர்த்துதான் சி-யை அழித்திருக்கிறார்கள்.

பாஸ்வேர்டே கேட்காத பூட்டு

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதில் அப்பா கணக்கு பார்ப்பார், பிளஸ் டூ படிக்கும் பெண் பாடம் படிப்பாள், லீவுக்கு வரும் சித்தி பையன் கேம் விளையாடுவான். யாராவது ஒருவர் ஒரு ஃபோல்டரைப் பூட்ட நினைப்பது இயல்புதான். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு என்று போனால் ‘என்கிரிப்ட் கன்டென்ட்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் அடித்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கும் வசதி இது. பெயர் இ.எஃப்.எஸ்.

இதில் வேடிக்கை, இது பாஸ்வேர்டே கேட்காது. நீங்கள் உங்கள் யூஸர் கணக்கில் லாகின் செய்திருந்தால் ஃபைல் தானாகத் திறக்கும். அதனால் பூட்டியதே பல பேருக்கு மறந்துபோகும். பழைய விண்டோஸில் ஃபைல் பெயர் பச்சை எழுத்தில் தெரியும். விண்டோஸ் 10, 11-ல் ஐகான் ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டு இருக்கும். கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் பார்க்கவேண்டிய முதல் அடையாளம் இதுதான். (உங்களிடம் இருப்பது விண்டோஸ் ஹோம் என்றால் அந்தக் கட்டம் மங்கலாக, டிக் அடிக்க முடியாமல் இருக்கும். அது கோளாறு இல்லை. ஹோம் பதிப்பில் இந்த வசதி கிடையாது.)

சாவி எங்கே இருக்கிறது? உங்கள் யூஸர் கணக்குக்குள். அந்தச் சாவிக்கும் ஒரு பூட்டு உண்டு, அதைத் திறப்பது உங்கள் விண்டோஸ் லாகின் பாஸ்வேர்டு. இதனால் ஃபார்மட் போடாமலேயே இன்னொரு வழியிலும் மாட்டிக்கொள்ளலாம். லாகின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோகிறீர்கள். அவர் ஹைரன்ஸ் பூட் மாதிரி ஒரு பென் டிரைவைச் செருகி ஐந்து நிமிடத்தில் பாஸ்வேர்டை நீக்கிவிடுகிறார். கம்ப்யூட்டர் திறக்கிறது. ஃபோல்டர் திறக்காது! நீங்களாகப் பழைய பாஸ்வேர்டைக் கொடுத்து மாற்றியிருந்தால் சாவியும் சேர்ந்து புதுப் பாஸ்வேர்டுக்கு மாறியிருக்கும். வெளியிலிருந்து நீக்கினால் மாறாது.

இதற்கு மருந்து உண்டு. பழைய பாஸ்வேர்டு பிறகு நினைவுக்கு வந்தால், லாகின் பாஸ்வேர்டை மறுபடி அதுவாகவே வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஃபைல்கள் திறந்துகொள்ளும். எனவே கடைக்காரர் மேல் கோபப்படுவதற்கு முன் பழைய டைரியைப் புரட்டுவது மேல்.

ஃபார்மட் போட்டாச்சே, இனி?

முதல் வேலை, அந்தக் கம்ப்யூட்டரை ஆஃப் செய்வது. புதிதாக எந்த சாஃப்ட்வேரையும் ஏற்றாதீர்கள், பாட்டு டவுன்லோடு செய்யாதீர்கள். அழிந்த சாவி இருந்த இடத்தில் புது ஃபைல் எழுதப்பட்டால் பிறகு பேச்சே இல்லை.

அடுத்து, உண்மையிலேயே ஃபார்மட் போட்டார்களா, இல்லை பழையதின் மேலேயே விண்டோஸை இன்ஸ்டால் செய்தார்களா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் சி டிரைவில் ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்று ஒரு ஃபோல்டர் இருக்க வாய்ப்புண்டு. உங்கள் பழைய யூஸர் கணக்கு, சாவி உட்பட, அதற்குள் இருக்கும். சில நாட்களில் விண்டோஸே இதைத் தானாக அழித்துவிடும் என்பதால் உடனே வேறு டிஸ்க்கில் காப்பி எடுக்க வேண்டும். பழைய லாகின் பாஸ்வேர்டும் தெரிந்தால், இதற்கென்றே இருக்கும் மீட்பு சாஃப்ட்வேர்களால் திறக்க முடியும்.

முழுமையாக ஃபார்மட் போட்டிருந்தால் டிஸ்க்கின் வகையைப் பொறுத்தது. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் என்றால் அழிந்த சாவி ஃபைல்களைத் தோண்டி எடுக்கக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது. எஸ்.எஸ்.டி என்றால் அழித்த இடத்தை அதுவே சுத்தமாகத் துடைத்துவிடும், நம்பிக்கை மிகக் குறைவு.

இந்த இடத்தில்தான் “கவலைப்படாதீங்க, சாஃப்ட்வேர் போட்டு உடைச்சிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். டேட்டா ரெகவரி என்பது வேறு, என்கிரிப்ஷனை உடைப்பது வேறு. டெலீட் ஆன ஃபைலை மீட்க முடியும். சாவி இல்லாத என்கிரிப்ட் ஃபைலை மீட்டாலும் அது பூட்டிய ஃபைலாகவேதான் வரும். அமெரிக்காவில் ஸ்டெஃபான் தாமஸ் என்ற புரோகிராமரிடம் 7,002 பிட்காயின் இருக்கும் பென் டிரைவ் ஒன்று இருந்தது. பாஸ்வேர்டு எழுதிய தாள் தொலைந்துவிட்டது. பத்து முறைதான் முயலலாம், எட்டு முறை தோற்றுவிட்டார் என்று 2021 ஜனவரியில் உலகமே பேசியது. கோடிக்கணக்கான டாலர் கையில் இருந்தும் திறக்க முடியாததை, ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கித் திறந்து தருகிறேன் என்பவரிடம் கொஞ்சம் யோசித்துப் பணம் கொடுங்கள்.

நீலத் திரையில் 48 எண்கள்

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. காலையில் ஆன் செய்தால் நீலத் திரை. ‘பிட்லாக்கர் ரெகவரி கீ’யைக் கொடு என்கிறது. “நான் எதையும் பூட்டவே இல்லையே!” என்று பதறுவீர்கள். பூட்டியது விண்டோஸ். இப்போது வரும் பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல்முறை லாகின் செய்ததுமே டிஸ்க் முழுவதும் தானாக என்கிரிப்ட் ஆகிவிடும். டி டிரைவும் சேர்த்து! மதர்போர்டு மாற்றினால், பயாஸ் அப்டேட் ஆனால், ‘வேறு ஆளோ’ என்று சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும். நீங்கள் எதையும் தொடாமலேயேகூட இது நடக்கலாம். 2024 ஜூலையில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில கம்ப்யூட்டர்கள் இப்படி நின்றதை மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. அதே மாதம் 19-ம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் கோளாறில் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கியபோது, பெரிய பெரிய கம்பெனிகளே இந்த 48 எண்களைத் தேடி அலைந்தன.

இங்கேயும் ஃபார்மட் போட்டால் போச்சு. சாவி எங்கோ இருக்கிறது, தேடினால் போதும். எந்த மெயில் ஐடி போட்டு அந்த லேப்டாப்பை முதன்முதலில் ஆன் செய்தீர்களோ, அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனில் அந்தக் கணக்கில் லாகின் செய்து ‘டிவைசஸ்’ பகுதிக்குள் போனால் ரெகவரி கீ தெரியும். நீலத் திரையில் ஒரு ‘கீ ஐடி’யும் காட்டும், அதன் முதல் எட்டு எழுத்துகள் பொருந்தும் கீதான் உங்களுடையது.

சிக்கல், அந்த ‘முதன்முதலில்’ என்ற இடத்தில். பெங்களூரிலோ ஓசூரிலோ வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப் என்றால் அவர் மெயில் ஐடியாக இருக்கும். கடையிலேயே எல்லாம் செய்து கொடுத்தார்கள் என்றால், கடைப் பையன் அவசரத்துக்குப் புதிதாக உருவாக்கிய ஏதோ ஒரு ஐடியாக இருக்கும். பில்லை எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கேளுங்கள். காலேஜில் கொடுத்த மெயில் ஐடி, ஆபீஸ் ஐடி எதையும் விடாதீர்கள்.

கீயைத் தாளில் எழுதிவைத்து, எழுத்து மங்கி ஆறா எட்டா என்று தெரியவில்லையா? இதற்கு ஆறாம் வகுப்புக் கணக்கே போதும். 48 எண்கள், ஆறு ஆறாக எட்டுக் கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு கூட்டமும் 11-ஆல் மீதமில்லாமல் வகுபடும்படிதான் அமைத்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு 246851. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டுங்கள். 2, 6, 5 சேர்ந்தால் 13. 4, 8, 1 சேர்ந்தாலும் 13. இரண்டும் சமம், சரியான கூட்டம்தான். அந்த 6-ஐ 8 என்று படித்திருந்தால் 15-ம் 13-ம் வரும், உதைக்கும். (இரண்டுக்கும் வித்தியாசம் 11 வந்தாலும் சரிதான்.) எந்தக் கூட்டமும் 8, 9-ல் தொடங்காது.

‘ஃபோல்டர் லாக்’ சாஃப்ட்வேர்கள்

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஃபோல்டர் பூட்டும் சாஃப்ட்வேர்களில் பாதிக்கு மேல் பூட்டவே பூட்டாது, மறைத்து மட்டும் வைக்கும் என்றால் அது பெரிய மிகையில்லை. நோட்பேடில் நாலு வரி எழுதி ஃபோல்டரை மறைக்கும் தந்திரத்தைப் பள்ளிக்கூடக் காலத்தில் செய்து பார்க்காதவர்கள் குறைவு. பாஸ்வேர்டு மறந்துவிட்டதா, டிரையல் முடிந்து பணம் கேட்கிறதா? லினக்ஸ் இருக்கும் பென் டிரைவில் கம்ப்யூட்டரை ஆன் செய்து பாருங்கள். விண்டோஸுக்குத் தெரியாமல் மறைத்தது லினக்ஸில் சாதாரணமாகத் தெரியும். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி வீட்டில் பரணில் கிடந்தால், அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும். அந்த லேப்டாப்பில் மறைத்த ஃபோல்டர் என்றால் பென் டிரைவ்கூட வேண்டாம்.

வெராகிரிப்ட் போன்றவை நிஜமான பூட்டுகள். சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் திறக்கவில்லை என்றால் கீபோர்டைப் பாருங்கள். கேப்ஸ் லாக், நம் லாக் மட்டுமல்ல, தமிழ்99 கீபோர்டு ஆனில் இருந்தால் நீங்கள் அடிப்பது வேறு, போவது வேறு. நோட்பேடில் ஒருமுறை அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியும் இல்லையென்றால் பூட்டிய ஃபைலின் தலைப்பகுதி கெட்டிருக்கலாம். அதற்கு ஒரு நகலை ஃபைலின் கடைசியிலேயே வெராகிரிப்ட் வைத்திருக்கிறது. ‘ரீஸ்டோர் வால்யூம் ஹெடர்’ என்ற வசதியில் அதைத் திரும்பக் கொண்டுவரலாம். முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுத்துவிட்டு, காப்பியில் முயலுங்கள்.

நீங்கள் பூட்டாமலேயே எல்லா ஃபைல் பெயர்களுக்கும் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, பணம் கேட்டு ஒரு கடிதமும் இருந்தால் அது ரான்சம்வேர். 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகப் பொதுத்துறை கம்ப்யூட்டர்களையே இப்படிப் பூட்டிப் பணம் கேட்டார்கள். இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு 1930-க்கு போன் செய்யுங்கள். ‘நோ மோர் ரான்சம்’ என்ற தளத்தில் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் சைபர் நிறுவனங்களும் சேர்ந்து பல ரான்சம்வேர்களுக்கான சாவிகளை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள்.

எது திரும்பக் கிடைக்கும்?

ஃபோல்டர் போனால் எல்லாமே போய்விட்டது என்று உட்கார வேண்டாம். பட்டா, சிட்டா அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம். வில்லங்கச் சான்று பத்திரப்பதிவுத் துறையின் தளத்தில் கிடைக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம். ஆதார், டிரைவிங் லைசென்ஸுக்கு டிஜிலாக்கர். ஒரு வாரம் அலைந்தால் காகிதங்கள் சேர்ந்துவிடும்.

சேராதவை வேறு. குலதெய்வம் கோயில் விழாவில் தாத்தா பம்பை அடித்த வீடியோ, ஒகேனக்கல் பரிசலில் எடுத்த குடும்ப போட்டோ, இறந்துபோன அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். இவற்றை எந்த இ-சேவை மையமும் தர முடியாது. இன்று உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இவற்றைப் பூட்டிய ஃபோல்டரிலிருந்து எடுத்து ஒரு பூட்டாத ஹார்டு டிஸ்க்கில் தனியாக வைத்துவிடுங்கள். தாத்தாவின் பம்பை வீடியோவில் என்ன ரகசியம் இருக்கப்போகிறது?

பூட்டியே ஆகவேண்டிய ஃபோல்டருக்குச் சாவியின் நகல் எடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘மேனேஜ் யூஸர் சர்டிஃபிகேட்ஸ்’ என்று தேடுங்கள். (ரன் பெட்டியில் நேரடியாக அடிப்பதென்றால் அந்தப் பெயர் சி, இ, ஆர், டி என்று தொடங்கி எம், ஜி, ஆர் என்று வரும். பின்னாலேயே ஒரு புள்ளி, எம், எஸ், சி. தமிழ்நாட்டில் யாருக்கும் மறக்காது!) பர்சனல், சர்டிஃபிகேட்ஸ் என்று போனால் ‘என்கிரிப்டிங் ஃபைல் சிஸ்டம்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ரைட் கிளிக், ஆல் டாஸ்க்ஸ், எக்ஸ்போர்ட். ‘பிரைவேட் கீ’யும் வேண்டும் என்று சொல்லி, ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். கிடைக்கும் சின்ன ஃபைலை பென் டிரைவில் காப்பி எடுங்கள். நாளைக்கு ஃபார்மட் போட்டாலும் புது விண்டோஸில் அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்து பாஸ்வேர்டைக் கொடுத்தால் டி டிரைவ் ஃபோல்டர் பழையபடி திறக்கும்.

பிட்லாக்கர் என்றால் 48 எண்களையும் தாளில் எழுதுங்கள். எட்டுக் கூட்டத்தையும் 11-ஆல் ஒருமுறை சரிபாருங்கள். பென் டிரைவையும் தாளையும் ஒரே கவரில் போட்டு, மேலே எந்தக் கம்ப்யூட்டர், எந்த மெயில் ஐடி என்று எழுதி, பீரோவில் நிலப் பத்திரம் இருக்கும் பைக்குள் வையுங்கள். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.