கொலைகாரன் நட்ட சிலுவை… தெரியுமா?

ஐரோப்பாவின் கிராமத்துச் சாலையோரங்களில் பாசி படிந்து நிற்கும் கற்சிலுவைகள் வெறும் பக்திச் சின்னங்கள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! இடைக்காலத்தில் ஊர் வழக்கைத் தீர்த்ததும், எல்லையைக் காட்டியதும், ஏழைக்குக் காசு கொடுத்ததும்கூட இந்தக் கற்கள்தான்!

பழி தீர்த்த கல்!

ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் இன்றும் ஏராளமான 'பரிகாரச் சிலுவைகள்' நிற்கின்றன. கொலை விழுந்தால் இரு குடும்பத்தாரும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடுவார்கள். கொன்றவன் நஷ்டஈடு தர வேண்டும், ஆலயத்துக்கு மெழுகு கொடுக்க வேண்டும், இறந்தவருக்காகத் திருப்பலி வைக்க வேண்டும். சிலர் ரோம் வரை யாத்திரை போக வேண்டியிருந்தது! இவற்றோடு, சொந்தச் செலவில் ஒரு கற்சிலுவையும் நட வேண்டும். பழிக்குப் பழி அத்தோடு முடிந்தது!

அதை ஏன் வழியோரத்தில் நட்டார்கள் தெரியுமா? பாவசங்கீர்த்தனம் செய்யாமல் திடீரென்று செத்தவரின் ஆன்மாவுக்காகப் போகிறவர் வருகிறவரெல்லாம் ஜெபிக்கத்தான்! சில சிலுவைகளை உற்றுப் பாருங்கள்: வாள், கோடரி, கத்தி செதுக்கியிருக்கும். 1532-இல் புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் குற்றவியல் சட்டம் வந்தது. கொலை வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போயின. இந்த வழக்கமும் மங்கியது.

தாண்டினால் தப்பித்தாய்!

இங்கிலாந்தின் பெவர்லி நகரைச் சுற்றி, அங்குள்ள ஆலயத்தின் புகலிட எல்லையாகச் சிலுவைகள் நின்றன. துரத்தப்படுபவன் அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் பாதுகாப்பு! மீறிக் கை வைத்தவனுக்கு அபராதம். ஆலயத்தை நெருங்க நெருங்க அபராதமும் ஏறும்!

பனிமூட்டத்தில் துணை!

அதே இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பனி இறங்கினால் பாதை தெரியாது, சுற்றிலும் சதுப்பு. அங்கே வழிகாட்டியும் எல்லைக்கல்லும் சிலுவைகளே. 7 அடிக்கு மேல் உயர்ந்த சிவார்ட் சிலுவை, 1240-ஆம் ஆண்டின் எல்லை ஆவணத்திலேயே இடம்பிடித்திருக்கிறது!

உச்சியில் காசு!

வடக்கு யார்க்‌ஷயரின் ரால்ஃப் சிலுவை உச்சியில் ஒரு குழி உண்டு. வசதியுள்ளவர் அதில் காசு வைப்பார். இல்லாத வழிப்போக்கர் எடுத்துக்கொள்வார். அந்தச் சிலுவைதான் இன்று அங்குள்ள தேசியப் பூங்காவின் சின்னம்!

ஊரே திரண்டது!

1643-இல் இங்கிலாந்து நாடாளுமன்ற ஆணையால் எத்தனையோ சிலுவைகள் உடைபட்டன. எஞ்சியவற்றில் சில வாசல் கம்பங்களாயின. ஆனால் 1770-இல் வின்செஸ்டர் நகராட்சி தன் சந்தைச் சிலுவையை விற்றபோது, மக்கள் திரண்டு கலகம் செய்து அதைப் பெயர்க்கவிடாமல் தடுத்தார்கள்! சிலுவை இன்றும் அதே நகரில் நிற்கிறது. பழைய கல்லுக்கு ஊர் மக்களை விடப் பெரிய காவல் வேறில்லை!