போட்டிப் பதற்றம்

போட்டிப் பதற்றம் என்பது, தம் திறமை பிறரால் மதிப்பிடப்படுகிறது என்ற எண்ணத்தால், போட்டிக்கு முன்போ போட்டியின் போதோ விளையாட்டு வீரர்களிடம் எழும் அச்சமும் உடல் இறுக்கமும் ஆகும். எல்லா வயதினரிடமும் இது காணப்படுகிறது. எனினும், தம் திறமையின் அளவைப் பெற்றோர், பயிற்றுநர் ஆகியோரின் முகக்குறிப்பைக் கொண்டே பெரிதும் அறிந்துகொள்ளும் சிறுவரிடம் இதன் பாதிப்பு ஆழமானது.

அறிகுறிகள்

விளையாட்டு உளவியலாளர் இதனை இரு கூறுகளாகப் பிரிப்பர். "தோற்றால் அப்பா என்ன சொல்வாரோ" என்பது போன்ற கவலைகள் உளம் சார்ந்தவை. நெஞ்சு படபடத்தல், உள்ளங்கை வியர்த்தல், வயிற்றைப் பிசைதல் ஆகியன உடல் சார்ந்தவை. உடல் அறிகுறிகள் பெரும்பாலும் ஆட்டம் தொடங்கியதும் தணிந்துவிடும். கவலையோ ஒவ்வொரு தவறுக்குப் பின்னும் மீண்டும் எழக்கூடியது.

விளைவுகள்

அளவான கிளர்ச்சி ஆட்டத்தை மேம்படுத்தும் என்பதற்கு யெர்க்ஸ், டாட்சன் ஆகியோரின் 1908ஆம் ஆண்டு ஆய்வு அடிக்கடி காட்டப்படுகிறது. அது மின்னதிர்ச்சி கொடுத்து எலிகளைப் பழக்கிய சோதனையாகும். சிறுவர் விளையாட்டுக்கு அதை அப்படியே பொருத்துவது சரியன்று.

நன்கு பழகிய அசைவுகள் எண்ணிப் பார்க்காமலே நிகழ்பவை. பதற்றமுற்றவர் தன் கை அசைவைத் தானே கண்காணிக்கத் தொடங்குவதால், பயிற்சியில் நூறுமுறை சரியாகச் செய்ததும் பிழைபடுகிறது. தசை இறுக்கமும் கவனக் குறுக்கமும் காயமடையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. உறக்கக் கேடு, சோர்வு, விளையாட்டையே கைவிடுதல் ஆகியனவும் நேரலாம்.

1979இல் சைமன், மார்ட்டென்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் 9 முதல் 14 வயதுச் சிறுவரின் பதற்றம் ஒப்பிடப்பட்டது. விளையாட்டுகளுள் மற்போரில் அது மிகுந்திருந்தது. ஆனால் அதனினும் மிகுந்தது இசைக்குழுவில் தனித்து வாசித்த சிறுவரிடமே. தனியாக நின்று மதிப்பிடப்படுவதே பதற்றத்தின் வேர் என இதிலிருந்து கொள்ளலாம்.

பயிற்றுநரின் பங்கு

வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிமித், சிமோல் ஆகியோர் சிறுவர் பேஸ்பால் பயிற்றுநர்களுக்குச் சில மணிநேரப் பயிற்சி அளித்தனர். முயற்சியைப் பாராட்டுதல், தவறியவுடன் ஊக்கமளித்துத் திருத்தும் வழி கூறுதல், தண்டிப்பதையும் ஏளனத்தையும் தவிர்த்தல் ஆகியன அதில் கற்பிக்கப்பட்டன. 1992இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெறாத பயிற்றுநர்களிடம் விளையாடிய சிறுவருள் 26 விழுக்காட்டினர் அடுத்த பருவத்திற்குத் திரும்பவில்லை; பயிற்சி பெற்றோரிடம் விளையாடியவருள் இது 5 விழுக்காடே. பின்னர் 1995இல் வெளியான ஆய்வு, இத்தகைய பயிற்றுநரிடம் விளையாடிய சிறுவரின் பதற்றம் பருவத்தின் முடிவில் குறைந்ததைக் காட்டியது. 1992ஆம் ஆண்டு ஆய்வில் இரு தரப்பு அணிகளின் வெற்றி தோல்வி விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.