குளத்து மீன்பிடிக்கு ஏற்ற துடுப்பைத் தெரிவு செய்தல்

வஹகோட்டைக்கு அயலிலுள்ள தேவஹுவ, கண்டலம ஆகிய குளங்களிலும், வடக்கே தாதுசேன மன்னன் 5ஆம் நூற்றாண்டில் அமைத்த கலாவெவயிலும் மீன்பிடித்தல் பல குடும்பங்களுக்கு வருவாய் தருகின்றது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீனே இத்தொழிலுக்கு உயிர்நாடியாயிற்று. பக்கமிதவை பூட்டிய சிறு தோணியில் ஒருவர் வலையைக் கையாள, மற்றவர் துடுப்பு வலிப்பது வழக்கம். வலையைத் தேர்வதில் காட்டும் கவனத்தைப் பலர் துடுப்பில் காட்டுவதில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நடுக்குளத்தில் துடுப்பு முறிந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எடை

நிமிடத்துக்கு 30 முறை துடுப்பு வலிப்பவர், போகவும் வரவும் 2 மணி நேரத்தில் 3,600 முறை அதனை நீரிலிருந்து தூக்குகின்றார். துடுப்பு அரைக் கிலோகிராம் கூடுதலாயிருப்பின், அவர் 1,800 கிலோகிராம் எடையை வீணே தூக்கியவராவார். தோள்வலிக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மரம்

காய்ந்த மரத்துண்டொன்றை நீரில் மிதக்கவிடுக. பாதியளவே அமிழுமாயின் அம்மரம் நீரின் எடையில் பாதியுடையது. மலைவேம்பு இவ்வாறு இலேசானது. எனினும் மென்மையானதாதலின் எளிதில் நசுங்கும். தேக்கு அதனினும் கனமாயினும் உறுதியுடையது, ஈரத்தைத் தாங்கும். பாலை மிக வலியதெனினும் நீரில் அமிழும் அளவுக்குக் கனமுடையதாதலின் துடுப்புக்கு உதவாது. ஆகவே தண்டைத் தேக்கிலும், நீரைத் தள்ளும் தட்டையான இலைப் பகுதியை மலைவேம்பிலும் செய்து பொருத்துதல் நன்று. இலையின் விளிம்பைக் கண்ணாடியிழைத் துணியும் பிசினும் கொண்டு மூடினால், குளத்தில் நிற்கும் பட்டமரக் கட்டைகளில் மோதினும் எளிதிற் பிளவுறாது.

தண்டின் இழை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நேராக ஓடுதல் வேண்டும், கணுக்கள் இருத்தலாகாது. துடுப்பின் இரு முனைகளையும் செங்கற்களின் மீது வைத்து நடுவில் கையால் அழுத்துக. வெடிப்பொலி கேட்பின் அதனை விலக்குக. தண்டும் இலையும் சேருமிடத்திலேயே முறிவு பெரும்பாலும் நிகழ்வதால், அவ்விடத்தை மெலிதாகச் செதுக்கலாகாது.

நீளமும் அகலமும்

மிதக்கும் தோணியில் வழக்கம்போல் அமர்ந்து, நீர்மட்டத்திலிருந்து மூக்குவரை அளந்தால் வருவதே தண்டின் நீளம். இலையின் நீளத்தை அதனோடு கூட்டிக்கொள்க. இலை மிக அகன்றிருப்பின் ஒவ்வொரு வலிப்பிலும் தோள் வருந்தும். வடதுருவத்தை அடுத்த கிறீன்லாந்தில் வாழும் இனுவிட் மக்கள், கயாக் எனும் தம் ஒடுங்கிய தோணிக்குக் குறுகிய இலைகளுடைய இருதலைத் துடுப்பையே கையாண்டனர். அது காற்றில் அதிகம் சிக்காது. நெடுந்தூரம் வலிக்க ஏற்றது. இக்காலத்து அகன்ற மீன்பிடிக் கயாக்குகளுக்கு 240 முதல் 260 சென்ரிமீற்றர் வரை நீளமான இருதலைத் துடுப்புப் பொருந்தும்.

உலோகமும் இழையும்

அலுமினியத் தண்டு மலிவானது; ஆயினும் அதன் முனைகள் அடைபட்டிராவிடின் நீர் புகுந்து அமிழ்ந்துவிடும். கரியிழைத் துடுப்பு மிக இலேசானது, விலை அதிகம், கட்டையில் ஓங்கி மோதினால் விரிசல் காணும். கண்ணாடியிழைத் துடுப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எதனை வாங்கினும், முதலில் கரையோரத்து நீரிலிட்டு அது மிதக்கின்றதா எனச் சோதித்தல் வேண்டும்.

பராமரிப்பு

மரத்துடுப்பைத் தேய்த்து உலர்த்தி, ஆண்டுக்கு இருமுறை ஆளிவிதை எண்ணெய் பூசுக. வெயிலில் சாத்தி வைத்தால் வளையும், நிழலில் தொங்கவிடுக. விளிம்பில் சிறு பிளவு காணினும் அன்றே சீர்செய்க.

இவையனைத்திலும் முதன்மையானது ஒன்றுண்டு. தோணியில் இரண்டாவது துடுப்பொன்றும், ஆளுக்கொரு மிதவை அங்கியும் இல்லாமல் குளத்தில் இறங்கலாகாது. கையிலுள்ள துடுப்பு எத்துணை நல்லதாயினும், அது கைநழுவிப் போகும் நாளில் கரைசேர்ப்பது இரண்டாவது துடுப்பேயாகும்.