உங்கள் உடம்புக்குள் ஒரு கடிகாரம்!

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் பெரியப்பா புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதுவரை விடியற்காலையில் எழுந்து அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்தவர், இரண்டே மாதத்தில் காலை எட்டு மணிக்கு எழுபவராகிவிட்டார். "ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூக்கமே வரலடா. மெஷினை ஆஃப் பண்ணிட்டுப் படுத்தாலும் வரமாட்டேங்குது" என்றார். கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. அவருடைய உடல் கடிகாரத்தில்!

மதர்போர்டிலும் மூளையிலும்

மின்சாரம் இல்லாதபோதும் உங்கள் கம்ப்யூட்டர் நேரத்தை மறப்பதில்லை. மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி, அதன் கடிகாரத்தை ஓட வைக்கிறது. ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அதனால்தான் விண்டோஸ் அவ்வப்போது இணையத்தில் உள்ள டைம் சர்வருடன் ஒப்பிட்டு நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது.

நம் உடம்பிலும் இதே ஏற்பாடுதான். மூளையின் அடிப்பகுதியில் சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு பகுதி கடிகாரமாக இயங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு இதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். தினமும் அதைத் திருத்தும் டைம் சர்வர், சூரிய வெளிச்சம். இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

மதுரை வௌவால்கள்

இந்தத் துறையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், பகல் வெளிச்சம் எட்டாத குகையில் வௌவால்களைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தார்கள். சுற்றிலும் மற்ற வௌவால்கள் தினமும் பறந்து போய்த் திரும்பியபோது, கூண்டில் இருந்தவையும் அதே நேரத்தைக் கடைப்பிடித்தன. வேறு வௌவால்களே இல்லாத குகையில் வைத்தபோது, அவற்றின் நேரம் நாளுக்கு நாள் விலகிப் போனது. 1981இல் இந்த முடிவு வெளியானது. வெளிச்சம் மட்டுமல்ல, சுற்றியிருப்பவர்களின் நடமாட்டமும் கடிகாரத்தைத் திருத்தலாம் என்பது இதன் பொருள்.

பின்னர் ஜன்னலும் கடிகாரமும் இல்லாத தனி அறையில் மனிதர்களையும் தங்கவைத்து இங்கே ஆராய்ந்தார்கள்.

திரை செய்யும் வேலை

நம் கண்ணில், பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் உண்டு. நீல ஒளியை இவை அதிகம் உணரும். இரவில் மானிட்டரின் நீலம் கலந்த வெளிச்சம் பட்டால், "இன்னும் பகல்தான்" என்ற தகவல் போகிறது. இரவு வந்துவிட்டதை உடம்புக்கு அறிவிக்கும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது.

2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 12 பேர் படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் புத்தகம் படித்தார்கள். தூக்கம் வருவதில் ஏற்பட்ட தாமதம் பத்து நிமிடம்தான். ஆனால் உள்கடிகாரம் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிவிட்டது. பெரியப்பாவுக்கு இரவில் திரை வெளிச்சம் கூடியது. காலையில் காவிரிக்கரை வெளிச்சம் போயிற்று. இரண்டும் சேர்ந்தே அவரைத் தாமதப்படுத்தின.

என்ன செய்யலாம்?

1. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று செல்லுங்கள். நைட் லைட்டை ஆன் செய்து, மாலையில் தானாக இயங்கும்படி நேரம் கொடுங்கள். திரை மஞ்சளாக மாறும்.

2. இதை மட்டும் நம்ப வேண்டாம். பிரைட்னஸையும் குறையுங்கள். விறுவிறுப்பான கேம், வீடியோ எந்த நிறத்தில் ஓடினாலும் விழிப்பைத் தரும்.

3. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஷட் டவுன் செய்யுங்கள்.

4. காலையில் குறித்த நேரத்தில் எழுந்து, அரை மணி நேரமாவது வெளியே நடங்கள்.

இதையெல்லாம் செய்தும் தூக்கம் சரியாகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

பெரியப்பாவுக்கு நைட் லைட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் நான் முக்கியமாகச் சொன்னது நான்காவது யோசனையை. முதல் சில நாள் அரைத்தூக்கத்தில்தான் படித்துறைக்குப் போனார். மூன்றாவது வாரம் இரவு பத்தரைக்கு நான் போன் செய்தபோது பெரியம்மாதான் எடுத்தார்: "அவர் அப்பவே தூங்கிட்டாரே!"