ஒரு கோலும் வாங்காத அணி

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி. அதில் தம் நாட்டு அணியும் ஆடவேண்டும் என்பது பல நாட்டு மக்களின் வேட்கை. ஆயினும் விரும்பும் நாடுகள் எல்லாவற்றிற்கும் அங்கே இடம் கிடைப்பதில்லை. 1974ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் நடந்த போட்டியில் இடம் பெற்றவை 16 அணிகளே. போட்டியை நடத்திய மேற்கு ஜெர்மனியும், முந்தைய போட்டியில் வாகை சூடிய பிரேசிலும் நேரே உள்ளே சென்றன. எஞ்சிய 14 இடங்களுக்கு ஏனைய நாடுகள் தம்முள் பொருத வேண்டியிருந்தது. இவ்வாறு பொருதும் முன்போட்டியே தகுதிச் சுற்று எனப்படும்.

தகுதிச் சுற்றில் நாடுகளைச் சிறு சிறு பிரிவுகளாகப் பகுப்பர். ஒரு பிரிவிலுள்ள அணி ஒவ்வொன்றும் மற்ற அணிகளோடு இருமுறை ஆடும். ஒருமுறை தன் மண்ணில், மறுமுறை எதிரணியின் மண்ணில். அக்காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளிகள், சமனாக முடிந்தால் இரண்டு அணிக்கும் ஒவ்வொரு புள்ளி, தோல்விக்கு ஒன்றுமில்லை. மிகுந்த புள்ளிகளைப் பெற்ற அணி முதலிடம் பெறும். கேட்பதற்கு இம்முறை எளியதே. ஆனால் இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் வந்து நின்றால் என் செய்வது? இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

அந்த இடர்ப்பாட்டினை நன்கு அறிவதற்கு ஐரோப்பாவின் 3ஆம் பிரிவினைப் பார்ப்போம். பெல்ஜியம், நெதர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து என்னும் நான்கு நாடுகள் அதில் இருந்தன. முதல் இரண்டும் அண்டை நாடுகள். எல்லையின் இருபுறத்தும் ஒரே மொழி பேசுவோர் வாழ்கின்றனர். கால்பந்தில் அவ்விரு நாடுகளுக்கும் இடையே நெடுங்காலப் போட்டி உண்டு. அண்டை வீட்டாருக்கிடையே எழும் போட்டி எத்துணைக் கடுமையானது என்பதை நாம் அறியாதவர் அல்லோம்.

பெல்ஜிய அணி 1972ஆம் ஆண்டு மே திங்களில் ஐஸ்லாந்தை இருமுறை 4–0 என வென்றது. ஐஸ்லாந்து தன் மண்ணில் ஆடவேண்டிய ஆட்டத்தையும் பெல்ஜியத்திற்கே வந்து ஆடியது. நெதர்லாந்துடன் ஆடியபோதும் அவ்வாறே செய்தது. பிறகு நார்வேயைப் பெல்ஜியம் இருமுறையும் 2–0 என வென்றது. அளந்து செலவிடும் குடித்தனக்காரனைப் போன்றது அவ்வணியின் ஆட்டம். வெற்றிக்கு வேண்டிய கோல்களைப் போடும். தன் வாயிலை இறுகக் காக்கும்.

நெதர்லாந்து அணியின் இயல்பு வேறு. 1972 நவம்பர் 1ஆம் நாள் ராட்டர்டாம் நகரில் அது நார்வேயின்மீது 9 கோல்கள் போட்டது. ஐஸ்லாந்தை ஒருமுறை 5–0 எனவும், மறுமுறை 8–1 எனவும் வென்றது. யோகான் கிரைஃப் என்னும் பெரும் ஆட்டக்காரர் அவ்வணியின் உயிர்நாடியாக விளங்கினார். ஆயினும் 1973 செப்டம்பர் 12ஆம் நாள் ஆஸ்லோ நகரில் அவ்வணி தடுமாறியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்த வேளையில் இரண்டு அணிகளும் 1–1 என நின்றன. அப்போது ஹுல்ஸ்ஹோஃப் என்னும் தடுப்பாட்டக்காரர் ஒரு கோல் போட்டு வெற்றி தேடித் தந்தார். அந்த ஒரு கோல் விழாதிருந்தால் நெதர்லாந்து ஒரு புள்ளியை இழந்திருக்கும்; பிரிவின் முடிவே மாறியிருக்கும்.

அண்டை நாடுகள் இரண்டும் முதன்முறை ஆன்ட்வெர்ப் நகரில் மோதியபோது எவரும் கோல் போடவில்லை. ஆகவே, 1973 நவம்பர் 18ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரில் இறுதி ஆட்டத்திற்கு இறங்கியபோது இருவரிடமும் 9 புள்ளிகள் இருந்தன. புள்ளிகள் சமமாயின் போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வேறுபாட்டைப் பார்ப்பது அப்போதைய விதி. அந்தக் கணக்கில் நெதர்லாந்து மிகவும் முந்தியிருந்தது. எனவே, அதற்குச் சமன் போதும். பெல்ஜியத்திற்கோ வெற்றி ஒன்றே வழி.

ஆட்டம் முடியும் தறுவாயிலும் 0–0. அப்போது பெல்ஜியத்திற்கு ஒரு தனியுதை கிடைத்தது. பால் வான் ஹிம்ஸ்ட் பந்தை உயர்த்தி அனுப்பினார். யான் வெர்ஹெயென் அதனை வலைக்குள் செலுத்தினார். பெல்ஜிய வீரர்கள் கைகளை உயர்த்தி ஆர்ப்பரித்தனர். ஆனால் சோவியத் நாட்டைச் சேர்ந்த நடுவர், வெர்ஹெயென் ஆப்சைடில் நின்றார் என்று கூறி அந்தக் கோலை மறுத்துவிட்டார்.

ஆப்சைடு என்பது யாது? கூட்டாளி பந்தை உதைக்கும் நொடியில், பந்திற்கு முன்னே நிற்கும் ஆட்டக்காரருக்கும் எதிரணியின் கோல் கோட்டிற்கும் இடையே எதிரணியினர் இருவரேனும் இருத்தல் வேண்டும். இல்லையேல் அது பிழை. இவ்விதியைப் பயன்படுத்த எண்ணியே நெதர்லாந்தின் தடுப்பாட்டக்காரர் அனைவரும் ஒருசேர முன்னோக்கி ஓடினர். ஆனால் அனைவரும் ஒரே விரைவில் ஓடிவிடவில்லை. பின்னர்ப் படச்சுருளைப் பார்த்தோர், வெர்ஹெயென் முறையான இடத்திலேயே நின்றார் என்று கண்டனர். நடுவரைக் கடிந்து பயனில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் பல கால்கள் எங்கெங்கே நின்றன என்று ஒரு மனிதர் சொல்லவேண்டியிருந்தது. ஆட்டத்தின் நடுவே படத்தைத் திருப்பிப் பார்க்கும் வசதி உலகக் கோப்பைப் போட்டிக்கு வந்தது 2018ஆம் ஆண்டில்தான்.

ஆட்டம் 0–0 என்றே முடிந்தது. இரண்டு அணிகளுக்கும் 4 வெற்றிகள், 2 சமன்கள், 10 புள்ளிகள். ஒருவரையொருவர் எதிர்த்த இரண்டு ஆட்டங்களிலும் ஏற்றத்தாழ்வு இல்லை. நெதர்லாந்து போட்ட கோல்கள் 24, வாங்கியவை 2. பெல்ஜியம் போட்டவை 12, வாங்கியது ஒன்றுமில்லை. ஆறு ஆட்டங்களில் ஒரு கோலும் வாங்காமல், ஓர் ஆட்டத்திலும் தோலாமல், பெல்ஜியம் வெளியேறியது. வலியவரோடு சமனாக நின்ற இருவருள் எவர் மேல் என்பதை, மெலியவர்மீது எவர் மிகுதியாக அடித்தார் என்பது முடிவு செய்தது. கோல் என்னும் ஆங்கிலச் சொல் தமிழ்க் காதிற்கு அளவுகோலையும் நினைவூட்டும். இங்கே கோலே அளவுகோல் ஆயிற்று.

இவ்வளவுகோல் எப்போதும் இருந்ததன்று. எட்டு ஆண்டுகளுக்கு முன், 1966ஆம் ஆண்டுப் போட்டிக்கான தகுதிச் சுற்றில், பெல்ஜியமும் பல்கேரியாவும் இவ்வாறே ஒரே புள்ளியில் நின்றன. அப்போது கோல் வேறுபாட்டில் முந்தியிருந்தது பெல்ஜியம். பெல்ஜியத்தின் கணக்கு 11க்கு 3. பல்கேரியாவின் கணக்கு 9க்கு 6. ஆனால் அன்றைய விதி அக்கணக்கைப் பார்க்கவில்லை. பொது மண்ணில் மற்றோர் ஆட்டம் ஆடுக என்றது. 1965 டிசம்பர் 29ஆம் நாள் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் நடந்த அவ்வாட்டத்தில் பல்கேரியா 2–1 என வென்றது. கோல் வேறுபாடு காத்திருக்கக்கூடிய வேளையில் மறு ஆட்டம் வைத்தனர். மறு ஆட்டம் வேண்டிய வேளையில் கோல் வேறுபாட்டைப் பார்த்தனர். பெல்ஜியத்தைக் கெடுக்க எவரும் விதியை மாற்றவில்லை. இரண்டு விதிகளும் ஆட்டம் தொடங்குமுன்னரே அனைவரும் ஒப்பியவையே. ஆயினும் அந்நாட்டு மக்களின் நெஞ்சு எவ்வாறு ஆறும்?

மறு ஆட்டம் என்னும் வழி 1973இலும் முற்றிலும் மறையவில்லை. அதே தகுதிச் சுற்றின் 1ஆம் பிரிவில் ஸ்வீடனும் ஆஸ்திரியாவும் புள்ளியில் மட்டுமன்றிக் கோல் வேறுபாட்டிலும் சமமாக நின்றன. அவ்விரண்டிற்கும் கெல்சென்கிர்சென் நகரில் மறு ஆட்டம் நடந்தது, ஸ்வீடன் வென்றது. பெல்ஜியத்தின் இறுதி ஆட்டம் முடிந்து ஒன்பதாம் நாள் அது நிகழ்ந்தது.

நெதர்லாந்து தகுதியற்ற அணி என்று எவரும் கூறார். மேற்கு ஜெர்மனிக்குச் சென்று, உலகமே வியக்கும் வண்ணம் ஆடி, 1974 ஜூலை 7ஆம் நாள் மியூனிக் நகரில் இறுதி ஆட்டம் வரை வந்து, 2–1 என அவ்வணி தோற்றது. பெல்ஜியம் 1978ஆம் ஆண்டுப் போட்டிக்கும் தகுதி பெறவில்லை. அம்முறையும் அதன் பிரிவில் முந்தியது நெதர்லாந்தே. 1982ஆம் ஆண்டில்தான் பெல்ஜியம் மீண்டும் உலகக் கோப்பைக் களத்தில் இறங்கியது. ஜூன் 13ஆம் நாள் பார்சிலோனா நகரில் நடந்த தொடக்க ஆட்டத்தில், முந்தைய கோப்பையை வென்றிருந்த அர்ஜென்டினாவை அது 1–0 என வென்றது. அன்றும் ஒரு கோலும் வாங்கவில்லை.